இடையில் நின்றுபோன மாத மடலைத் திரும்பத் தொடங்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே வறுத்து இடித்த மிளகாய்த்தூள், சரக்குத்தூள், வேப்பம்பூ வடகம், மோர்மிளகாய், ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கை இடித்த மா) என்று பொதி செய்து விற்கிறேன். 2017 முதல் ஓடர் தந்தவர்களின் ஈமெயில் முகவரிகள் 1,400 அளவில் எக்செலில் இருக்கின்றன. அரைவாசிப் பேர் கொழும்பு. மற்றவர்கள் கனடாவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு, இங்கேயுள்ள அம்மா அப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி ஓடர் போடும் பிள்ளைகள். மாதம் ஒரு மடல் அனுப்பிவந்தேன். 2022இல் காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் அது நின்றுபோனது. வியாபாரம் திரும்ப ஓடத் தொடங்கி இரண்டு வருடமாகிறது, ஆனால் பழைய ஆட்கள் வரவில்லை. போன மாதம் "20 வீதக் கழிவு, இன்றே ஓடர் செய்யுங்கள்" என்று என் ஜிமெயிலிலிருந்து பிசிசி போட்டு (ஒருவருடைய முகவரி மற்றவருக்குத் தெரியாமல்) 450 பேருக்கு அனுப்பினேன். 70க்கு மேல் திரும்பி வந்தன. ஓடர் இரண்டுதான். ஒரு பெண், "நீங்கள் யார்? என் முகவரி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று எழுதியிருந்தார். பதில் எழுத வெட்கமாக இருக்கிறது. மகன் ஈமெயிலை விட்டுவிட்டு வட்ஸ்அப்பில் போடச் சொல்கிறான். தெரிந்த ஒருவர் 10,000 கொழும்பு முகவரிகள் தன்னிடம் இருப்பதாகவும் காசுக்குத் தரலாம் என்றும் சொல்கிறார். மிச்சம் 950 பேருக்கும் அனுப்பவா, விடவா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

மிச்சம் 950 பேருக்கும் இப்போதைக்கு ஒன்றும் அனுப்பாதீர்கள். அந்த 10,000 முகவரியை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை ஆறுதலாகக் கதைக்கலாம்.

"நீங்கள் யார்" என்று கேட்ட பெண்ணுக்கு இன்றைக்கே பதில் எழுதுங்கள். அந்த 450 பேரில் பெரும்பாலானோர் மடலைத் திறக்காமலே அழித்திருப்பார்கள், சிலர் ஸ்பாம் என்று அழுத்தியிருப்பார்கள். இவர் ஒருவர்தான் மினக்கெட்டு உங்களிடம் கேட்டிருக்கிறார். நாலு வரி போதும்: "உங்கள் கேள்வி நியாயமானது. 2019இல் எங்களிடம் ஒடியல் மா வாங்கியபோது இந்த முகவரியைத் தந்திருந்தீர்கள். நீண்ட காலம் எழுதாமல் இருந்துவிட்டு, யார் என்றே சொல்லாமல் விளம்பரம் அனுப்பியது என் பிழை. இனி உங்களுக்கு அனுப்ப மாட்டேன், விருப்பமென்றால் மட்டும் சொல்லுங்கள்." ஆண்டையும் சாமானையும் உங்கள் ஓடர் கொப்பியில் பார்த்துச் சரியாக எழுதுங்கள். கொப்பியில் அவருடைய ஓடரே இல்லையென்றால், முகவரி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, நீக்கிவிட்டேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவருக்கு எழுதும் இந்தப் பதில்தான் நீங்கள் மற்றவர்களுக்கு எழுதப்போகும் கடிதத்துக்கும் அடிப்படை.

உங்கள் கழிவு மடலில் விலை பிழையில்லை, சாமானும் பிழையில்லை. பெறுகிறவருக்கு அது யாரிடமிருந்து வந்தது என்று விளங்கவில்லை, அவ்வளவுதான். நாலு வருடம் ஒரு சொல்லும் இல்லை, பிறகு திடீரென்று "இன்றே ஓடர் செய்யுங்கள்". உங்களை நினைவிருப்பவருக்கு, இவ்வளவு நாளும் எங்கே போனீர்கள் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. நினைவில்லாதவருக்கு அது ஊர்பேர் தெரியாத இன்னொரு விளம்பரம். 20 வீதத்தை 40 வீதமாக்கினாலும் இதேதான் நடந்திருக்கும். ஆகவே உங்கள் முதல் மடலில் விற்பனை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. யார், எங்கே சந்தித்தோம், ஏன் பேச்சில்லை, இனி என்ன எழுதப்போகிறேன், வேண்டுமா வேண்டாமா. இந்த ஐந்தும் இருந்தால் போதும்.

இனி அந்த 70 திரும்பி வந்த கதை. ஈமெயில் முகவரிக்கும் ஆயுள் உண்டு. வேலை மாறினால் அலுவலக முகவரி செத்துப்போகும். இரண்டு வருடம் பயன்படுத்தாமல் கிடக்கும் சொந்தக் கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து அழித்துவருகிறது. 2017இல் ஓடருக்கென்று ஒரு ஜிமெயில் திறந்து பிறகு மறந்தவர்களின் முகவரியெல்லாம் அப்படிப் போயிருக்கும். கையெழுத்தைப் பார்த்துத் தட்டும்போது ஒரு எழுத்து இடம் மாறியதும் இருக்கும். இதில் பெரிய குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் ஜிமெயிலும் யாஹூவும் இதைக் கவனிக்கின்றன. ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் அனுப்பி, அதில் ஆறில் ஒன்று இல்லாத முகவரிக்குப் போனால், இவர் எங்கேயோ பொறுக்கிய பட்டியலுக்கு அனுப்புகிறார் என்றுதான் எடுத்துக்கொள்ளும். பிறகு உங்கள் உண்மையான வாடிக்கையாளருக்குப் போகும் மடலும் ஸ்பாம் பெட்டிக்குள் விழும்.

அதைவிட மோசம் ஆட்கள் தாங்களே ஸ்பாம் என்று அழுத்துவது. அப்படி அழுத்துபவர்கள் 0.3 வீதத்தைத் தொடக்கூடாது, 0.1 வீதத்துக்குள் இருந்தால் நல்லது என்று ஜிமெயில் அனுப்புநர்களுக்குச் சொல்கிறது. ஆயிரம் பேரில் மூன்று பேர்தான் எல்லை. உங்கள் 450 பேரில் இரண்டு பேர் அழுத்தினாலே அந்தக் கோட்டைத் தாண்டியாயிற்று. விலைக்கு வாங்கும் 10,000 முகவரியில் எத்தனை பேர் அழுத்துவார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்த மாதிரிப் பட்டியல்களில் ஸ்பாம் அனுப்புபவரைப் பிடிக்கவென்றே விட்டுவைத்த பொறி முகவரிகளும் கலந்திருக்கும். ஒன்றில் மாட்டினாலும் எழும்புவது கஷ்டம்.

இப்போது உங்கள் எக்செலுக்கு வருவோம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இது, நீங்களும் அவசரப்படாமல் செய்யுங்கள். பட்டியலுக்குப் பக்கத்தில் ஓடர் கொப்பியை விரித்துவைத்து ஒவ்வொரு பெயருக்கும் நாலு விஷயம் எழுதுங்கள்: கடைசியாக எப்போது வாங்கினார், எத்தனை தரம் வாங்கினார், எந்த நாட்டில் இருக்கிறார், தனக்கா அல்லது வேறொருவருக்கா வாங்கினார். 1,400 பெயரையும் ஒரே மூச்சில் முடிக்கத் தேவையில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐம்பது ஐம்பதாகப் பார்த்தால் ஒரு மாதத்துக்குள் முடியும். திரும்பி வந்த 70ஐயும் முதலில் எடுத்துவிடுங்கள். ஜிமெயில், ஹொட்மெயில் என்ற சொற்களில் எழுத்து மாறிக் கிடப்பதைத் திருத்தலாம். பெயர்ப் பகுதியை ஊகித்துத் திருத்தாதீர்கள், அது வேறொருவருடைய முகவரியாக இருக்கலாம்.

இப்படி எழுதிவந்தால் பட்டியல் தானாகவே பிரியும். கடந்த இரண்டு வருடத்துக்குள் வாங்கியவர்கள் ஒரு கூட்டம். முன்பு மூன்று நாலு தரம் வாங்கி, 2022க்குப் பிறகு காணாமல் போனவர்கள் இன்னொரு கூட்டம். 2017இலோ 2018இலோ ஒரு தரம் மட்டும் வாங்கிவிட்டுப் போனவர்கள் கடைசிக் கூட்டம். அந்தக் கடைசிக் கூட்டம்தான் எண்ணிக்கையில் பெரிதாக இருக்கும். அவர்களை விட்டுவிடச் சொல்வேன். மனம் கேட்காது என்று தெரியும். ஆனால் அவர்களில் பத்துப் பேரைத் திரும்பப் பிடிக்கப்போய், முதல் கூட்டத்துக்குப் போகும் மடலையும் ஸ்பாமில் விழுத்துவது நட்டம்.

நாட்டை எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கனடாவில் ஸ்பாம் தடுப்புச் சட்டம் 2014 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவர் உங்களிடம் பொருள் வாங்கினார் என்பதை வைத்து மட்டும் வணிக மடல் அனுப்புவதென்றால், வாங்கிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குத்தான் அந்த உரிமை. "மாத மடல் வேண்டும்" என்று அவரே கேட்டிருந்தால் அவர் வேண்டாம் என்னும்வரை அனுப்பலாம். மடல் வேண்டுமா என்று கேட்டு அனுப்பும் கடிதமும் வணிக மடலாகவே கணக்கில் வரும் என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே 2019இல் ஓடர் போட்டு, மடல் கேட்டதாக எந்தப் பதிவும் இல்லாத ரொறொன்ரோ பிள்ளைகளுக்கு மொத்தமாக அனுப்பாதீர்கள். அவர்கள் உங்களைத் தேடிவரும் வழியைக் கடைசியில் சொல்கிறேன். பிரித்தானியாவில், வாங்கியவருக்கு அதே மாதிரியான பொருட்களைப் பற்றி எழுதலாம். ஆனால் முகவரி வாங்கும்போதும் ஒவ்வொரு மடலிலும் வேண்டாம் என்று சொல்ல வழி கொடுத்திருக்க வேண்டும். நமது நாட்டிலும் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கான 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், இப்படியான செய்திகளுக்குச் சம்மதம் வேண்டும் என்றும், காசு செலவில்லாமல் விலகும் வழியை ஒவ்வொரு தரமும் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த 10,000 பேரில் ஒருவரும் உங்களுக்குச் சம்மதம் தரவில்லை.

"தனக்கா, வேறொருவருக்கா" என்ற நாலாவது விஷயத்தைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். லண்டனில் ஒரு மகள் 2021 வரை மாதாமாதம் தெஹிவளையில் இருக்கும் அம்மாவுக்கு மோர்மிளகாயும் ஒடியல் மாவும் அனுப்பினாள், பிறகு திடீரென்று நிறுத்தினாள் என்று வையுங்கள். அந்த நிறுத்தத்துக்கு விலை காரணமாக இருக்கலாம், வேறு கடை காரணமாக இருக்கலாம். அம்மா இப்போது இல்லாமலும் இருக்கலாம். அப்படிப்பட்ட ஒருவருடைய போனில் "அம்மாவுக்கு ஒரு பொதி அனுப்ப மறந்துவிட்டீர்களா?" என்று உங்கள் பெயரில் ஒரு வரி வந்து விழுந்தால் எப்படி இருக்கும்? விற்பனைக்கு நல்ல வரி என்று இதைத்தான் பலர் சொல்லித்தருவார்கள். எழுதாதீர்கள். பிறருக்காக வாங்கியவர்களைத் தனியாகப் பிரித்து, அவர்களுக்குப் போகும் கடிதத்தில் அம்மா, அப்பா என்ற சொல்லே இல்லாமல் எழுதுங்கள். "அம்மா போன வருடம் தவறிவிட்டார்" என்று யாராவது பதில் போட்டால் மாத மடலிலிருந்து அவரை எடுத்துவிட்டு, உங்கள் கையால் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அந்த அம்மாவின் வீட்டு வாசலுக்குப் பொதி கொண்டுபோய்க் கொடுத்தவர் நீங்கள். அவரை உங்களுக்கும் தெரியும்.

சரி, கடிதத்தை எழுதுவோம். அனுப்புநர் இடத்தில் கடையின் பெயர் மட்டும் நிற்கக்கூடாது, உங்கள் பெயரும் சேர்ந்து வரவேண்டும். போனில் தலைப்பின் முதல் நாலைந்து சொல்தான் தெரியும், ஆகவே உங்களை அடையாளம் காட்டும் சொல் முன்னால் வரட்டும். "வெள்ளவத்தை மிளகாய்த்தூள்: திரும்ப எழுதலாமா?" என்று வைக்கலாம். உள்ளே இந்த மாதிரி:

"வணக்கம். 2022 வரை எங்களிடம் தூளோ வடகமோ ஒடியல் மாவோ வாங்கியபோது இந்த முகவரியைத் தந்திருந்தீர்கள். மாதம் ஒரு தரம் உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வருடம் காஸ் இல்லை, கரண்ட் இல்லை, செத்தல் மிளகாய் வாங்க முடியாத விலை. இடிப்பதும் நின்றது, எழுதுவதும் நின்றது. இடிக்கத் தொடங்கி இரண்டு வருடமாகிறது, உங்களுக்குத்தான் சொல்லவில்லை.

இனி ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை எழுதலாம் என்று இருக்கிறேன். அந்த மாதம் என்ன செய்கிறோம், கொழும்பில் எந்த நாட்களில் கொண்டுவந்து தருகிறோம், வீட்டில் செய்யும் ஒரு கறி. அவ்வளவுதான் இருக்கும்.

வேண்டுமென்றால் 'ஓம்' என்று ஒரு சொல் பதில் போடுங்கள். வேண்டாமென்றால் கீழேயுள்ள இணைப்பை அழுத்துங்கள். ஒன்றும் செய்யாவிட்டால் இன்னும் ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு கேள்வியும் இருக்கிறது. முன்பு வாங்கிய தூள் உங்கள் வீட்டுக்கு உறைப்புக் காணுமா, கூடிப்போனதா? இந்த முறை இடிக்கும்போது அதைப் பார்த்துச் செய்யலாம்."

கீழே உங்கள் பெயர், தொலைபேசி இலக்கம், தபால் முகவரி. படம் வேண்டாம், பெரிய பொத்தான் வேண்டாம். இதில் உள்ளவற்றை உங்கள் பேச்சுக்கு ஏற்ற மாதிரி மாற்றுங்கள். நான் எழுதியதை அப்படியே போட்டால் உங்களைத் தெரிந்தவர்களுக்கு உங்கள் குரலாக இருக்காது. உறைப்புக் கேள்வியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். மடல் வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் போடப் பலர் சோம்பல்படுவார்கள். தூளைப் பற்றிக் கேட்டால் நமது ஆட்கள் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். ஒருவர் பதில் எழுதினால், இது வேண்டப்பட்ட ஆளிடமிருந்து வருவது என்று அவருடைய ஈமெயில் சேவைக்கும் தெரியவரும். அடுத்த மடல் நேராக இன்பொக்ஸுக்குப் போக அது உதவும்.

மொழியைப் பற்றி ஒரு சொல். தமிழில் ஓடர் எழுதியவருக்குத் தமிழில், ஆங்கிலத்தில் எழுதியவருக்கு ஆங்கிலத்தில் அனுப்புங்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்க வராது. தமிழை யுனிகோட்டில், எந்தப் போனிலும் கணினியிலும் தமிழாகவே தெரியும் எழுத்து முறையில், தட்டுங்கள். நமது அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பழகிய பாமினி எழுத்துருவில் தட்டியதைக் கொண்டுவந்து ஒட்டினால், அந்தப் பக்கத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். அதைத் தவிர்க்கப் பழைய மடல்களை முழுப் படமாகச் செய்து அனுப்பியிருந்தால், அந்தப் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். படத்தைத் தடுத்துவைத்திருப்பவருக்கு அது வெறும் வெள்ளைப் பெட்டி. இன்னொன்று, 102 கிலோபைட்டுக்கு மேற்பட்ட மடலை ஜிமெயில் இடையில் வெட்டிவிடும். யுனிகோட்டில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் மூன்று பைட் எடுக்கும், ஆங்கில எழுத்துக்கு ஒன்று போதும். நீளமான தமிழ் மடலை ஆயத்த வடிவமைப்புக்குள் போட்டால் அந்த எல்லை கெதியாக வந்துவிடும். வெட்டுப்பட்டால் மறைவது அடியில் இருக்கும் விலகல் இணைப்பு. அது கண்ணில் படாதவர் ஸ்பாம் பொத்தானைத்தான் தேடுவார். மடலைச் சின்னதாக வையுங்கள், விலகல் இணைப்பை மேலேயும் ஒரு தரம் போடுங்கள்.

அனுப்பும் முறைக்கு வருகிறேன். முதல் கூட்டத்தில் நூறு பேருக்குள் இருந்தால் எந்தச் சேவையும் வேண்டாம். பெயர் சொல்லி, அவர் கடைசியாக வாங்கியதைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றாக உங்கள் கையால் அனுப்புங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து. இது மெதுவான வேலைதான், ஆனால் இந்த நூறு பேரும் உங்கள் வியாபாரத்தின் பெரும்பங்கு. அவர்கள் பதில் போட்ட பிறகு, காணாமல் போன இரண்டாவது கூட்டத்துக்கு மடல் அனுப்பும் சேவை ஒன்றை எடுக்கலாம். பிரெவோ என்ற சேவையில் நாளைக்கு 300 மடல்வரை இலவசம். உங்களுக்கு அதிலும் கால்வாசி போதும். டொலரில் காசு கட்டும் திட்டம் எதையும் இப்போது எடுக்காதீர்கள்.

அதற்கு முன் சொந்த டொமைன் ஒன்று, அதாவது உங்கள் கடைப் பெயரில் ஒரு இணையப் பெயர், வேண்டும். உங்கள் ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு வேறு சேவை வழியாக அனுப்பினால், உங்கள் பெயரில் வேறு யாரோ அனுப்புவதாக எடுத்து ஸ்பாமில் தள்ளும். டொட் எல்கே, டொட் கொம் எதுவானாலும் பரவாயில்லை. வாங்கிய இடத்திலேயே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் போட்டுத்தரச் சொல்லுங்கள். இந்த மடலை அனுப்ப உரிமை உள்ளவர் இவர்தான் என்று அத்தாட்சி சொல்லும் பதிவுகள் அவை. கூகுளும் யாஹூவும் 2024 பெப்ரவரியிலிருந்து, பெருந்தொகையாக அனுப்புபவர்களிடம் இந்த மூன்றையும் கட்டாயமாகக் கேட்கின்றன. ஜிமெயிலின் கணக்கில் அது நாளைக்கு 5,000 மடல். நீங்கள் அந்த அளவில் இல்லை, இருந்தாலும் போட்டுவைப்பது உங்களுக்குத்தான் நல்லது. மகனுக்கு ஈமெயில் பிடிக்காவிட்டாலும் இந்த வேலையை அவரிடம் கொடுங்கள், ஒரு பின்னேரத்தில் முடித்துத்தருவார்.

இரண்டாவது கூட்டத்துக்கு முதல் நாள் நாற்பது பேர். மறுநாள் எத்தனை திரும்பி வந்தது என்று பாருங்கள். ஒன்றிரண்டென்றால் அடுத்த நாற்பது. ஐந்தாறு வந்தால் நிறுத்தி, மிச்ச முகவரிகளைக் கொப்பியோடு திரும்ப ஒத்துப் பாருங்கள். எத்தனை பேர் "திறந்தார்கள்" என்று அந்தச் சேவை காட்டும் கணக்கை நம்பாதீர்கள். 2021 செப்டெம்பரிலிருந்து ஐபோனின் மெயில் செயலியில் ஒரு பாதுகாப்பு வந்திருக்கிறது. அதைப் போட்டிருப்பவர் மடலைத் தொடாவிட்டாலும் திறந்ததாகவே காட்டும். வந்த பதிலை எண்ணுங்கள், ஓடரை எண்ணுங்கள்.

பதில் போடாதவர்களுக்கு மூன்று கிழமை கழித்து இன்னொரு தரம், இன்னும் சுருக்கமாக. அதற்கும் சத்தமில்லை என்றால் விட்டுவிடுங்கள். விலகியவர்களின் முகவரியை ஒரேயடியாக அழிக்காமல், "அனுப்பக்கூடாது" என்று தனித் தாளில் வையுங்கள். இல்லாவிட்டால் நாளைக்குப் பழைய எக்செலிலிருந்து தவறுதலாகத் திரும்பச் சேர்ந்துவிடும். 1,400இலிருந்து 250 ஆகச் சுருங்கினால் வீட்டில் யாராவது பெருமூச்சு விடுவார்கள். நீங்கள் கவலைப்பட வேண்டாம். நீங்கள் கையால் இடித்துத் தரக்கூடிய தூளுக்கு 250 வீடு குறைவில்லை.

வட்ஸ்அப் விஷயத்தில் மகன் சொல்வதில் பாதி சரி. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கத்து ஆட்களுக்கு "நாளைக்குப் பின்னேரம் அந்தப் பக்கம் வருகிறோம்" என்று சொல்ல அதுதான் வசதி. ஆனால் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் அதன் பிரோட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர்தான் அடங்கும், அதுவும் உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச்சேரும். நாலு வருடம் கதைக்காதவர் போன் மாற்றியிருப்பார், இலக்கம் போயிருக்கும். குழுவொன்றில் எல்லாரையும் சேர்த்துவிட்டால் ஒருவருடைய இலக்கம் மற்ற எல்லாருக்கும் தெரியவரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஓடருக்கும் டெலிவரிக்கும் வட்ஸ்அப், மாதக் கடிதத்துக்கு ஈமெயில் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று இடிக்காது.

வெள்ளிக்கிழமை என்று மேலே எழுதியது சும்மா இல்லை. கொழும்பில் வெள்ளி மாலை 7 மணிக்கு அனுப்பினால், லண்டனில் மத்தியானம் ஒன்றரையோ இரண்டரையோ, ரொறொன்ரோவில் காலை எட்டரையோ ஒன்பதரையோ. மூன்று ஊரிலும் ஆட்கள் விழித்திருக்கும் நேரம். சனி, ஞாயிறில் பிள்ளைகள் வீட்டாரோடு போனில் கதைக்கும்போது உங்கள் பெயரும் ஒரு சொல்லாக வந்துபோகும்.

பிறகு என்ன எழுதுவது என்று பயப்படாதீர்கள், உங்கள் தொழிலிலேயே நாட்காட்டி இருக்கிறது. தை மாதத்தில் பொங்கல், அதையொட்டிப் பனங்கிழங்கு, ஒடியல். பங்குனி சித்திரையில் வேப்பம்பூ, வடகம் காயவைக்க நல்ல வெயில், கூடவே வருடப் பிறப்பு. ஆடிவேல் திருவிழா நடக்கும் நாட்களில் காலி வீதியில் டெலிவரி எப்படி என்று முன்கூட்டியே சொல்லலாம். பிறகு தீபாவளி, நத்தார். ஒரு மடலில் ஒரு விஷயம் மட்டும். வடகம் பற்றி எழுதும் மாதத்தில் வடகம்தான். எவ்வளவு செய்தீர்கள், இந்த முறை மழை இடையில் வந்து குழப்பியதா, எந்தத் திகதிக்குள் ஓடர் தரவேண்டும், எப்படிப் பொரித்தால் கருகாது. கழிவு கொடுக்க ஆசையென்றால் நாலைந்து மாதம் போகட்டும். அப்போதும் விலையைக் குறைப்பதைவிட, பதில் எழுதியவர்களின் அடுத்த ஓடரில் சின்னப் பொதி மோர்மிளகாய் ஒன்றை வைத்து அனுப்புவது நல்லது. முழு விலை கொடுத்து இவ்வளவு நாளும் வாங்கியவருக்கு அது மனக்குறை வைக்காது.

கனடாப் பிள்ளைகள் உங்களைத் தேடிவரும் வழியைச் சொல்வதாகச் சொன்னேன். இன்றிலிருந்து போகும் ஒவ்வொரு பொதிக்குள்ளும் கையகலத் துண்டு ஒன்று வையுங்கள்: "மாதம் ஒரு கடிதம் எழுதுகிறோம். வேண்டுமென்றால் இந்த முகவரிக்கு ஒரு வரி போடுங்கள்." வெளிநாட்டில் இருப்பவருக்கும் காட்டுங்கள் என்று அதன் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பொதி வாங்கும் பெரியவர்களே அதைப் படமெடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்புவார்கள். உங்கள் பேஸ்புக் பக்கத்திலும் அதையே போடலாம். அப்படித் தாமாகக் கேட்டு வருபவருக்கு இரண்டு வருடக் கணக்கு கிடையாது. அவர் எழுதிய அந்த வரியைத் திகதியோடு பத்திரமாக வையுங்கள். ஓடர் படிவத்திலும் முகவரிக்குக் கீழே "மாத மடல் அனுப்பலாமா? ஓம் / வேண்டாம்" என்று இன்றைக்கே ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அடையாளத்தை அவர்களே இடட்டும்.